திண்ணையில் வீட்டுக்காரன்

உபுண்டு போட்ட கணினிகளில் 'அல்சா பேஸ்' என்றொரு அமைப்புக் கோப்பு நெடுங்காலமாக இருந்து வருகிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதற்குள் ஒரு குறிப்பு வரும்: இயல்பில்லாத டிரைவர்கள் பூஜ்ஜியம் எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்க. கீழே ஒரு பட்டியல். பழைய டிவி கார்டு, மோடம் என்று போகும் அந்த வரிசையில் யூஎஸ்பி ஆடியோவும் உண்டு. அதற்கு நேராக −2 என்று போட்டிருக்கும்.

லினக்ஸில் ஒலிக்கருவிகள் 0, 1, 2 என்று வரிசையாக உட்காருகின்றன. நாம் வேறொன்றும் சொல்லாவிட்டால், அடிமட்டத்தில் இருக்கும் அல்சா 0-வைத்தான் தேடிப்போகும். −2-ஐ இரும எண்ணாக எழுதிப் பாருங்கள். கடைசி இலக்கம் மட்டும் 0, மற்றதெல்லாம் 1. அதாவது முதல் நாற்காலி தவிர எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். எழுதியவர்கள் தெரிந்துதான் எழுதினார்கள். அன்றைக்கு யூஎஸ்பி ஆடியோ என்றால் வெளியிலிருந்து சொருகுகிற ஹெட்செட், வெப்கேமில் ஒட்டியிருக்கும் மைக். வந்து போகிற விருந்தாளி. கணினி பூட் ஆகும் நேரத்தில் அது சொருகியிருந்தால், வீட்டுக்காரன் எழுந்து வருவதற்குள் கட்டிலில் ஏறிப் படுத்துவிடும். அதனால் திண்ணையிலேயே இருக்கட்டும் என்று ஒரு விதி.

2019-க்குப் பிறகு வீட்டுக்காரனே யூஎஸ்பி வழியாக வர ஆரம்பித்தான். மதர்போர்டில் பற்றவைத்த ஒலிச்சிப், வெளியே எந்த ஒயரும் இல்லை, பெட்டியைத் திறந்தாலும் யூஎஸ்பி என்று சொல்லும்படி ஒன்றும் கண்ணில் படாது. ஆனால் கணினியைக் கேட்டால் "யூஎஸ்பி ஆடியோ" என்கிறது. பழைய விதி இவனையும் திண்ணைக்கு அனுப்பிவிடுகிறது. உள்ளே கிராஃபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ ஒலி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும், மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்கிறதோ இல்லையோ.

இதையெல்லாம் நான் தோண்டப் போனது மாமாவின் கேசட்டுகளுக்காக.

மாமா ராஜபாளையத்தில் முப்பது வருஷம் மைக்செட் போட்டவர். போர்டில் 'சவுண்ட் சர்வீஸ்' என்று இருக்கும், ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கட்சிக் கூட்டம், பஞ்சாலை வாசல் கூட்டம், மார்கழி விடியலில் திருப்பாவை. பஸ்ஸில் அரைமணி தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆடிப்பூரத் தேருக்கும் பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழிக்கும் ஏதாவது ஒரு தெருமுனையில் அவருடைய குழாய் கட்டியிருக்கும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து டேப்பில் சொருகி ஓடவிடுவது அவருடைய பழக்கம். எதுக்கு மாமா என்றால், "சும்மா ஓடட்டும்னுதான்" என்பார். எண்பதுகளின் நடுவிலிருந்து 2000 வாக்கு வரைக்கும் இப்படிச் சும்மா ஓடியது 140 கேசட். நாட்டார் வழக்காற்றியல் படித்தவர் யாரும் திட்டம் போட்டு எடுத்தது கிடையாது. அதனாலேயே அதில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. மேடையில் பாட்டு முடிந்து அடுத்தவர் மைக்கைப் பிடிப்பதற்குள் நடக்கும் பேச்சு, மொய் வாசிப்பு, கும்மி நடுவே கிழவிகள் போட்டுக்கொள்ளும் சண்டை, பச்சைச் சட்டை போட்ட பையன் மைக்செட் பக்கம் அழுதுகொண்டு நிற்கிறான் பெற்றோர் வந்து கூட்டிப்போகவும் என்ற அறிவிப்பு.

உறைமேல் எழுதியது பாதி அழிந்துவிட்டது. மீதியில் 'பூக்குழி 2ம் நாள்' என்று இருக்கும், எந்த வருஷத்துப் பூக்குழி என்று இருக்காது. சிலதில் டேப் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. சிலதில் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத்துண்டு உதிர்ந்து உள்ளே கிடக்கிறது. இதையெல்லாம் பொறுமை இருந்தால் சரிபண்ணிவிடலாம். சரிபண்ண முடியாதது மாமாவின் காது. முப்பது வருஷம் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற காது, இப்போது வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டு வருகிறது. யார் குரல் எது என்று சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் இன்றைக்குச் சொல்லிவிடுகிறார். இரண்டு வருஷம் கழித்துச் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது.

கணினிக்குள் ஒலி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் அது தனி அட்டையாகத்தான் வந்தது. சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர், தொண்ணூறுகளில் கணினி வாங்கினவர்கள் தனியாகக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட பொருள். 1997-இல் இன்டெல் ஏசி'97 என்ற விதியைக் கொண்டுவந்தது. அதன்பின் ஒலிக்கான சின்னச் சிப் மதர்போர்டிலேயே ஒட்டி வர ஆரம்பித்தது, தனி அட்டைக் கடைகள் காற்று வாங்கின. அதே காலத்தில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் போட்ட 'பிசி 99' வழிகாட்டி துளைகளுக்கு நிறம் கொடுத்தது. வெளியே போகும் சத்தத்துக்குப் பச்சை, மைக்குக்கு ரோஸ், டேப்பிலிருந்து வரும் லைனுக்கு வெளிர் நீலம். கணினி வரலாற்றில் இதை யாரும் பெரிய விஷயமாகச் சொல்வதில்லை. எனக்கென்னவோ இது பெரிய விஷயம்தான். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத மைக்செட் பையன்கூட முதல் நாளே சரியாகச் சொருகிவிடுவான்.

2004-இல் ஏசி'97-க்குப் பதிலாக எச்டி ஆடியோ வந்தது. அதில் ஓர் அழகான ஏற்பாடு. சிப்பின் ஒவ்வொரு பின்னுக்கும் 32 பிட்டில் ஒரு முகவரிச் சீட்டு. அதில் இந்தத் துளை பெட்டிக்கு முன்னாலா பின்னாலா, மைக்கா ஸ்பீக்கரா, என்ன நிறம் என்பது வரைக்கும் எழுதலாம். மதர்போர்டு செய்பவர் பயாஸ் மூலம் அதை நிரப்பிவைப்பார். டிரைவர் அந்தச் சீட்டை வாசித்து "பின்பக்கம், நீலம், லைன் இன்" என்று பெயர் வைத்துக்கொள்ளும். எழுதினவர்கள் பல சமயம் தப்பாக எழுதினார்கள், அது வேறு கதை. அந்தத் தப்புகளைத் திருத்தவென்றே லினக்ஸ் கெர்னலில் ரியல்டெக் சிப்களுக்கான ஒரே கோப்பு பத்தாயிரம் வரியைத் தாண்டியது. ஆனால் சீட்டு என்று ஒன்று இருந்தது.

லினக்ஸ் பக்கம் இதே காலத்தில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1992-இல் பின்லாந்தின் ஹன்னு சவோலைனன் தொடங்கி வைத்தது பிற்பாடு ஓஎஸ்எஸ் என்று அழைக்கப்பட்டது. செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒரே ஒரு அட்டையை ஒழுங்காகப் பாடவைக்க எழுதப் போய், 1998-இல் அல்சா பிறந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அது அதிகாரபூர்வமாகக் குடியேறியது. அதற்கு மேல்மாடியாக பல்ஸ்ஆடியோ, பிறகு அதன் இடத்தில் பைப்வயர். 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 பைப்வயரை இயல்பாக்கியது. யூஎஸ்பி ஒலிக்கான டிரைவரை அல்சாவுக்காக 2002-இல் எழுதியவர் தகாஷி இவாய். சூசே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆலன் காக்ஸ், தாமஸ் சைலர் இருவரும் முன்பு எழுதியதிலிருந்து நிறைய எடுத்தாண்டதாகக் கோப்பின் தலைப்பிலேயே குறித்து வைத்திருக்கிறார். இருபது வருஷம் கழித்தும் அந்தப் பெயர்கள் அங்கேயே இருக்கின்றன.

சூசே என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2006, 2007 வாக்கில் எல்காட் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார், பள்ளிக்கூடங்களுக்கும் அது போனது. 2007-இல் சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு கூட பாஸும் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்ததும் அதில் ஒன்றுதான். வகுப்பில் பலரும் பாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன், முதல் நாளே பாட்டு கேட்டது. அன்றைக்கு அது சாதாரணமாகத் தெரிந்தது. அந்த லேப்டாப்பின் ஒலிச்சிப்புக்கு யாரோ உட்கார்ந்து முகவரிச் சீட்டை வாசிக்க எழுதி வைத்ததால்தான் கேட்டது என்பது இப்போதுதான் புரிகிறது.

சரி, வீட்டுக்காரன் ஏன் யூஎஸ்பிக்கு மாறினான்?

2019 நவம்பரில் ஏஎம்டி தன் மூன்றாம் தலைமுறை திரெட்ரிப்பருக்காக டிஆர்எக்ஸ்40 என்ற சிப்செட்டைக் கொண்டுவந்தது. அதில் எச்டி ஆடியோவுக்கான வழியே இல்லை. போர்டு செய்பவர்கள் நடுவில் ஒரு பாலம் போட்டார்கள். ரியல்டெக்கின் இன்னொரு சிப், ஒருபக்கம் யூஎஸ்பி பேசும், மறுபக்கம் பழைய ஒலிச்சிப்போடு பேசும். 2021 முதல் ஏஎல்சி4080 போன்ற சிப்கள் வந்தபோது பாலமும் தேவைப்படவில்லை, சிப்பே நேரடியாக யூஎஸ்பி பேசியது. 384 கிலோஹெர்ட்ஸ் வரை வாசிக்கும் என்று பெட்டியில் அச்சடித்துக்கொள்ளலாம். மனுஷக் காது 20 கிலோஹெர்ட்ஸ் தாண்டாது, மாமாவின் காது அதில் கால்வாசியைக்கூட எட்டாது. ஆனாலும் பெட்டியில் எண் பெரிதாக இருந்தால் கடைக்காரருக்கு விற்கச் சுலபம்.

இந்த மாற்றத்தில் தொலைந்துபோனது அந்த முகவரிச் சீட்டு. யூஎஸ்பி ஆடியோ விதியிலும் ஒவ்வொரு முனைக்கும் இது ஸ்பீக்கர், இது ஹெட்போன், இது லைன் என்று வகை சொல்ல இடம் இருக்கிறது, பெயர் எழுதவும் இடம் இருக்கிறது. பெயரை நிரப்புவது தயாரிப்பவர் மனசு. விண்டோஸுக்குத் தனி டிரைவர் கொடுத்துவிடுகிறவர் அந்த இடத்தைக் காலியாக விட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. டிஆர்எக்ஸ்40 போர்டுகளில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு கட்டுப்பாட்டின் குறைந்த அளவு என்ன, அதிக அளவு என்ன என்று கேட்டால் கருவி கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். இந்தப் போர்டுகளோ பதிலுக்குப் பிழையைத் திருப்பி அனுப்பின. 2020 ஏப்ரலில் தகாஷி இவாயே, இந்தப் போர்டுகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதே என்று டிரைவரில் எழுதி வைத்தார். கூடவே எந்த எண்ணுக்கு என்ன பெயர் என்ற அட்டவணையும் கெர்னலுக்குள் சேர்ந்தது. பதில் சொல்லாத பிள்ளைக்கு வகுப்பில் வாத்தியாரே பெயர் எழுதிக்கொள்வது மாதிரி.

என் போர்டு இந்த இரண்டாவது வகை. நீலத் துளை உண்டு. மாமாவின் டேப்டெக்கை பஸ்ஸில் மடியில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுவந்து, அதன் லைன் அவுட்டை நீலத்தில் சொருகினேன். டெக்கின் முள் ஆடியது. கணினியில் ஒன்றும் இல்லை. ஒலி அமைப்பைத் திறந்தால் பின்பக்க ஸ்பீக்கர் மட்டும் 'யூஎஸ்பி ஆடியோ' என்ற பெயரில். முன்பக்க ஹெட்போன் இல்லை. லைன் இன் என்று எதுவுமே இல்லை.

இதே நிலையில் நிற்பவர்களுக்காக, வரிசையாகச் சொல்கிறேன். டெர்மினலில் யூஎஸ்பி கருவிகளின் பட்டியலைக் கேட்டால் போர்டு நிறுவனத்தின் எண்ணும் அதன் பக்கத்தில் ஒலிச்சிப்பின் எண்ணும் வந்துவிடும். அந்த ஜோடி எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். அடுத்து 'ஏரெக்கார்டு' கட்டளையில் பதிவுக்கருவிகளின் பட்டியல். அங்கேதான் விஷயம் தெரிந்தது. ஒரே கார்டுக்குள் பல கருவிகள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், எண் மட்டும் வேறு. துளைகள் எல்லாம் இருக்கின்றன. சத்தமும் அதுவரை வந்து நிற்கிறது. மேல்மாடியில் இருக்கும் பைப்வயருக்குத்தான் இவை என்னவென்று தெரியவில்லை. தெரியாத கார்டென்றால் அது பொதுவான ஒரு அச்சை எடுத்து வைத்துப் பார்க்கும், அதில் பொருந்துவதை மட்டும் காட்டும், மற்றதைக் கண்டுகொள்ளாது.

வெறுமனே பதிவு செய் என்றால் பிழை வந்தது. முதல் நாற்காலியில் இருப்பது எச்டிஎம்ஐ, அதற்குக் காது கிடையாது. கார்டு எண்ணையும் கருவி எண்ணையும் சேர்த்துச் சொல்லி ஒவ்வொன்றாகப் பத்து வினாடி பதிவு செய்து கேட்டேன். ஒன்றில் அமைதி. ஒன்றில் நாயனம்.

அந்த நேரத்துக்கு அது போதும். பைப்வயர் வழியாகவே வேண்டுமென்றால் ஒலி அமைப்பில் 'ப்ரோ ஆடியோ' என்ற சுயவிவரத்தைத் தேர்ந்தால் எல்லாக் கருவியும் வரிசையாக வந்து நிற்கும், பெயர் இல்லாமல், எண்ணோடு மட்டும். நிரந்தரத் தீர்வு வேறிடத்தில் இருந்தது. அல்சாவோடு 'யூசிஎம்' என்று ஒரு கோப்புத் தொகுப்பு வருகிறது. இந்த ஜோடி எண் கொண்ட போர்டில் இந்தக் கருவி ஸ்பீக்கர், அது ஹெட்போன், மற்றது லைன் இன் என்று சொல்வதுதான் அதன் வேலை. ஏஎல்சி4080-க்கு அதில் தனிக் கோப்பே உண்டு. எந்தெந்தப் போர்டுகளுக்கு அது பொருந்தும் என்பது மட்டும் ஒரே ஒரு நீளமான வரியில், அடைப்புக்குறிகளும் செங்குத்துக் கோடுகளுமாக, பார்க்க அசிங்கமாக அடுக்கியிருக்கும். நான் போட்டிருந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பில் அந்த வரி பழையது, என் எண் இல்லை. புதிய பதிப்பில் பார்த்தேன், இருந்தது. எனக்கு முன்னாலேயே இதே போர்டை வாங்கி, இதே நீலத் துளையில் எதையோ சொருகி, சத்தம் வராமல் உட்கார்ந்த ஒருத்தர் தன் எண்ணை அனுப்பி வைத்திருக்கிறார். அவர் எந்த ஊர், எதைப் பதிவு செய்ய முயன்றார் என்பதற்கு அந்த வரியில் தடயமே கிடையாது. புதிய தொகுப்பை எடுத்துப் போட்டு பைப்வயரை மறுபடி எழுப்பியதும் லைன் இன், மைக், ஹெட்போன் என்று தனித்தனிப் பெயரோடு வந்தன.

ஒரு தொந்தரவு பாக்கி இருந்தது. மாமாவுக்குத் துண்டு துண்டாகத்தான் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு துண்டு கேட்பார், யோசிப்பார், அடுத்தது. ஐந்து வினாடி சும்மா இருந்தால் கருவியைத் தூங்கவிடுவது பைப்வயரோடு வரும் வயர்பிளம்பரின் வழக்கம். தூங்கி எழுந்த கருவி முதல் அசையை விழுங்கிவிடும். மொய் வாசிப்பில் '...லட்சுமி அம்மாள் ஐம்பத்தொரு ரூபாய்' என்று கேட்கும். தனலட்சுமியா விஜயலட்சுமியா? "முன்னாடி வெட்டுதுடா மாப்ள" என்றார். தூங்கவிடும் நேரத்தை வயர்பிளம்பர் அமைப்பில் 0 ஆக்கினேன், அதாவது தூங்கவே விடாதே. கெர்னல் பக்கம் யூஎஸ்பி மின்சேமிப்பையும் அந்தக் கருவிக்கு மட்டும் நிறுத்தினேன். தனலட்சுமி.

இதுவரை 61 கேசட் ஏறியிருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஃபிளாக். 384 எல்லாம் வேண்டாம், கேசட்டில் அவ்வளவு கிடையாது. மாமா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவார், இரண்டு மணிநேரம், அதற்குமேல் காது வலிக்கிறது என்பார். அவர் சொல்லச் சொல்ல கேசட் எண், பக்கம், நிமிஷம், யார், எந்த ஊர், எந்த விசேஷம் என்று தட்டிக்கொண்டே போவேன். சிலதை நொடியில் சொல்லிவிடுகிறார். ஒரு பஞ்சாலை வாசல் கூட்டத்தில் பேசினவரை இருமலை வைத்தே கண்டுபிடித்தார், பேச ஆரம்பிக்கும் முன்பே. பூக்குழி அறிவிப்புகளில் வருடம் சொல்ல அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. அந்த வருஷம் எந்த ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார் என்பது அதன் இரைச்சலில் தெரியுமாம். நான் இரண்டு துண்டைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன், எனக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

பெயர் வராதவையும் இருக்கின்றன. கேசட் 38, இரண்டாம் பக்கம், பதினான்காவது நிமிஷத்தில் ஒரு பெண் தாலாட்டு மாதிரி ஒன்றைப் பாடுகிறார், தெலுங்கும் தமிழும் கலந்து. மைக் ஓடுவது தெரியாமல் பாடுகிற குரல். மாமா மூன்று தடவை போடச் சொன்னார். "ஆளு முகம் கண்ணுல நிக்கிது, பேரு வரமாட்டேங்குது" என்றார். அடுத்த வாரம் மறுபடி போட்டோம். வரவில்லை. அட்டவணையில் அந்த இடத்தில் 38-2-14 என்று மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.